லேக் மார்க்கெட் டிரங்குப் பெட்டியில் ஒரு நடனக்காரி

காளிகாட் மெட்ரோவிலிருந்து மேலே ஏறி, ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்குப் பக்கமாக நடந்தால் பத்து நிமிஷத்துக்குள் வங்காளம் கரைந்து தமிழ் தென்படத் தொடங்கிவிடும். முதலில் மூக்குக்குத்தான் தெரியும். கடுகெண்ணெய் வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ காபிப் பொடி வறுபடும் மணம். பிறகு கண்ணுக்கு: நுனி வாழையிலைக் கட்டு, மல்லிகைச் சரம், முருங்கைக்காய். "அம்மா, மல்லி வேணுமா?" என்று பூக்காரர் கூப்பிடுகிறார். திரும்பிப் பார்த்தால் அவர் அச்சு அசல் வங்காளி. மூன்று தலைமுறைத் தமிழ் மாமிகளுக்குப் பூ விற்று விற்று நாக்கு பழகியிருக்கிறது.

லேக் மார்க்கெட்டின் 'லேக்', 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி. இன்று அதன் பெயர் ரவீந்திர சரோவர். வெட்டிய மண்ணால் சுற்றுப்புறம் மேடேறி மனைகள் ஆயிற்று. அப்போது வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குச் சுருக்கெழுத்தும் கணக்கும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். கோமள விலாஸ் வந்தது. ரசிக ரஞ்சன சபா வந்தது. என் பெரியப்பாவும் அப்படி ஒரு ஸ்டெனோவாக வந்தவர்தான். அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பெரியம்மா அதே மாடி வீட்டில் இருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது போகிக்கு நான்கு நாள் இருந்தது. கீழே கடைகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கியிருந்தன. வீட்டுக்குள் பெரியம்மா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் வைத்துக்கொள்ள வேண்டியவை, இடது பக்கம் போகிக்குப் போக வேண்டியவை. இடப்பக்கக் குவியலில் கிழிந்த பஞ்சாங்கத்துக்கும் ரேஷன் கார்டு உறைக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன்.

"அதை விடுடா. உன் பெரியப்பா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலே பழைய இசைத்தட்டு வாங்கப் போவாரே, அங்கே யாரோ கொசுறாக் கொடுத்தது. யாரோ டிராமாக்காரி. நம்மாத்து ஆல்பத்திலே எதுக்குன்னு நான்தான் தனியா எடுத்துப் போட்டேன்."

டிராமாக்காரியை ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன்.

நாலேகால் அங்குலம் அகலம், ஆறரை அங்குலம் உயரம். கேபினட் கார்டு என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகம் முழுக்க ஸ்டுடியோக்கள் இந்த அளவில்தான் படம் ஒட்டிக் கொடுத்தன. படத்தில் இருபது வயதுக்குள் ஒரு பெண். பின்னால் படுதாவில் எழுதிய ஐரோப்பியத் தோட்டம், படிக்கட்டு, வாத்துக் குளம். பக்கத்தில் காகிதக்கூழில் செய்த தூண். சரிகை வைத்த மேல்சட்டை, முழங்காலுக்குக் கீழே நிற்கும் பாவாடை, வெள்ளைக் காலுறை, அதன்மேல் சலங்கை. பழைய வங்க நாடகங்களில் கதைக்கு நடுவே கூட்டமாக வந்து ஆடிவிட்டுப் போகும் 'சகி'களில் ஒருத்தியாக இருக்க வேண்டும். இடது கை தூண்மேல். வலது கையால் பாவாடை நுனியைச் சிறகு மாதிரி விரித்துப் பிடித்திருக்கிறாள்.

பெரியம்மாவின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தபோது அவளுக்கு மூன்று கால் இருந்தது.

மூன்றாவது, இரும்பு. படம் எடுக்கும்போது ஆள் அசையாமலிருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பத்தை நிறுத்தி, அதன் கவ்வியால் பிடரியைத் தாங்கிப் பிடிப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கவ்வி தெரியாது. அடிப்பீடம் மட்டும் சில சமயம் பாவாடை ஓரத்தில் எட்டிப் பார்த்துவிடும். 1880-களில் உலர் தட்டு வந்தபின் வெளிச்சம் விழ வேண்டிய நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கூரைக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தை மட்டும் நம்பிய ஸ்டுடியோவில் ஓரிரு விநாடியாவது சிலையாக நின்றாக வேண்டும். ஓர் அடவுக்கு ஓரிரு விநாடி என்பது ஆயுசு. ஒற்றைக் காலில் நின்றால் தள்ளாடும், சுற்றினால் புகையாகிவிடும். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்டுடியோப் படங்களில் நடனக்காரிகள் இருப்பார்கள், நடனம் இருக்காது. ஆடுவது போல நிற்பார்கள்.

இன்னும் உற்றுப் பார்த்தேன். இடுப்புக்குப் பக்கத்தில் படுதாவின் படிக்கட்டுக் கோடு லேசாக வளைந்திருந்தது. கண்ணாடி நெகடிவில் பென்சிலும் கத்தியும் வைத்து இடையைச் சீவியிருக்கிறார்கள். போட்டோஷாப்புக்கு நூறு வருஷம் முந்திய வேலை. கன்னத்தில் ஒரு சுருக்கமில்லை, அதுவும் பென்சில் உபயம். ஆனால் யாருடைய கையும் எட்டாத இடம் ஒன்று இருந்தது. இடது காலின் சலங்கை மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. ஒரு கணம் காலை அசைத்துவிட்டாள். அந்தப் படத்தில் நடந்த ஒரே நடனம் அதுதான்.

"மஞ்சளாப் போயிருக்கே, ஏன்டா?" என்றார் பெரியம்மா.

"அந்தக் காலத்துக் காகிதத்திலே முட்டை வெள்ளைக்கருவைப் பூசித்தான் படம் போடுவா, பெரியம்மா. நாளானா மஞ்சளாயிடும்."

"முட்டையா! இத்தனை வருஷம் ஸ்வாமி அலமாரிக்குக் கீழேன்னா வெச்சிருந்தேன்!"

அட்டையின் அடியில் பொன்னெழுத்தில் ஸ்டுடியோவின் பெயர். முன்பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. 'கல்கத்தா' மட்டும் மிச்சம். பின்பக்கம் திருப்பினேன். பதக்கங்கள், கொடி, பூவேலைப்பாடு எல்லாம் அச்சிட்டிருந்தது. படத்திலிருப்பவளின் பெயரைப் பூச்சி தின்னவில்லை. தின்ன அங்கே எதுவும் எழுதப்படவே இல்லை.

"போகிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு, பெரியம்மா. அதுக்குள்ளே இவ யாருன்னு கண்டுபிடிக்கறேன்."

"கண்டுபிடிச்சு? பொண்ணு பார்க்கப் போறியா?"

மறுநாள் காலை மெட்ரோவில் எஸ்பிளனேடு. எஸ்.என். பானர்ஜி சாலை முனையில் போர்ன் அண்ட் ஷெப்பர்டு இருந்த கட்டடம் நிற்கிறது. 1863-ல் சிம்லாவில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவுக்கு வந்த ஸ்டுடியோ. சாமுவேல் போர்ன் இமயமலைக்குக் கண்ணாடித் தட்டுகளைக் கூலிகளின் தலையில் ஏற்றிக்கொண்டு போனவர். 1911 டில்லி தர்பாரைப் படம் பிடித்ததும் இவர்கள்தான். ராஜாக்களும் வைஸ்ராய்களும் ஏறிய படி அது. 1991-ல் தீப்பிடித்து நெகடிவ்களில் பெரும்பகுதி போயிற்று. 2016 ஜூனில் கதவையே சாத்திவிட்டார்கள். சௌரங்கியிலேயே 1882 முதல் ஜான்ஸ்டன் அண்ட் ஹாஃப்மேன் என்று இன்னொரு பெரிய ஸ்டுடியோவும் இருந்தது. என் அட்டை இந்த இருவருடையதா, கறுப்பர் டவுனில் இருந்த சின்ன ஸ்டுடியோ ஒன்றுடையதா என்று சொல்ல, பூச்சி தின்ற எழுத்து திரும்பி வந்தாக வேண்டும்.

அங்கிருந்து சில நிமிஷ நடையில் ராக்ஸி. படம் ஓடுவது நின்று பல வருஷம். 1943-ல் வந்த 'கிஸ்மத்' இங்கே மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது என்பது சினிமாக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இது எம்பயர் தியேட்டர். 1908-ல் மாரிஸ் பாண்ட்மன் என்கிற நாடகக் காண்ட்ராக்டர் திறந்தது. கல்கத்தாவைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு ஜிப்ரால்டரிலிருந்து யோகோஹாமா வரை கப்பலில் குழுக்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் இவர். பாட்டு, குட்டி நாடகம், நடனம், கோமாளி என்று ஒரே இரவில் எல்லாம். அமெரிக்காவில் வாட்வில் என்ற பெயரில் ஓகோவென்று நடந்த கதம்ப நிகழ்ச்சி வகைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

அந்தப் பாண்ட்மன் குழுவில் ஆடிய ஹவுராக்காரப் பெண் ஒருத்தியின் பெயர் நமக்குத் தெரியும். பேஷன்ஸ் கூப்பர். ஆங்கிலோ-இந்தியர். அங்கிருந்து ஜே.எஃப். மதனின் கொரிந்தியன் நாடகக் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து மௌனப் படத்துக்குப் போனார். 1920-ல் 'நள தமயந்தி'. 1922-ல் 'பதி பக்தி'. அந்தப் படத்தில் வரும் ஒரு நடனம் ஆபாசம், வெட்டு என்று சொன்னது யார் தெரியுமா? நம்முடைய மெட்ராஸ் சென்சார். நூறு வருஷத்துக்கு முன்பே நாம் கத்திரியோடுதான் இருந்திருக்கிறோம்.

கூப்பருக்குப் பெயர் நின்றதற்குக் காரணம் சினிமா. போஸ்டரில் பெயர் போட்டாக வேண்டும். அவருக்கு இடதும் வலதுமாக அதே வரிசையில் காலைத் தூக்கிய பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இரண்டாம் நாள் வடக்கே போனேன். ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி ஹாத்திபாகானுக்கு நடை. ஸ்டார் தியேட்டர். இந்தக் கட்டடத்துக்கும் அதே 1991-ல்தான் தீ. மாநகராட்சி எடுத்துக் கட்டி மறுபடி திறந்தது.

ஸ்டார் என்ற பெயரின் கதை வங்காளிகள் எல்லோரும் அறிந்தது. வினோதினி தாசி 1874-ல், பதினொன்று பன்னிரண்டு வயதில் மேடையேறியவர். அதற்கு முந்தின வருஷம்தான் பெங்கால் தியேட்டர், விலைமாதர் தெருவிலிருந்து நான்கு பெண்களை நடிக்க அழைத்து வந்து ஊரைக் கலக்கியிருந்தது. குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞன் வினோதினிக்காகத் தியேட்டர் கட்டித் தர முன்வந்தான். நிபந்தனை, அவள் அவனுடையவளாக வேண்டும். நாடகக் குழுவே கெஞ்சியது, சம்மதித்தார். உன் பெயரின் முதலெழுத்தை வைத்து 'பி' தியேட்டர் என்று வைப்போம் என்றார்கள். வங்காளத்தில் வினோதினி, பினோதினி ஆயிற்றே. 1883-ல் பீடன் தெருவில் கட்டி முடித்துப் பதிவு செய்துவிட்டு வந்து 'ஸ்டார்' என்றார்கள். தாசி ஒருத்தியின் பெயரில் தியேட்டர் இருந்தால் யார் வருவார்கள்?

1884-ல் அந்த மேடையில் அவர் சைதன்யராக நடித்ததைப் பார்க்க ராமகிருஷ்ண பரமஹம்சரே வந்து ஆசி கூறினார். மூன்றே வருஷத்தில் வினோதினி நடிப்பை விட்டார். 1912-ல் 'ஆமார் கதா' என்று தன் கதையைத் தானே எழுதினார். 2024 டிசம்பர் கடைசியில் இந்த ஹாத்திபாகான் தியேட்டருக்கு அவர் பெயரை வைப்பதாக மாநில அரசு அறிவித்தது. 141 வருஷம் கழித்து வாக்கு நிறைவேறியிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டடம் 1888-ல் வந்தது. இங்கே அவர் ஒரு நாள்கூட ஆடியதில்லை. இருக்கட்டும். பெயர் வந்ததே.

பக்கத்து டீக்கடையில் மண் குவளையை வைத்துக்கொண்டு யோசித்தேன். பெயரைத் தக்கவைத்துக்கொள்ள இந்த ஊர்ப் பெண்கள் எத்தனை வழி தேடியிருக்கிறார்கள்! வினோதினி புத்தகம் எழுதினார். பாடகி கௌஹர் ஜான் கத்தினார்.

கத்தினார் என்பது உண்மை. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் லண்டனிலிருந்து இசைத்தட்டுக் கருவியோடு கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவில் முதன்முதலில் இசைத்தட்டில் பதிவானவர்கள் கிளாசிக் தியேட்டரின் இரண்டு சிறுமிகள், சசிமுகியும் பணிபாலாவும். ஆடிப் பாடும் மேடைப் பெண்கள். சில நாள் கழித்துக் கௌஹர் ஜான் வந்தார். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரை உரக்கச் சொன்னார். தட்டு ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்குப் போய் அச்சாகும்போது, யார் பாடியது என்று அங்கிருப்பவர்கள் லேபிளில் எழுத வேண்டுமே! அந்த ஒரு நொடி இன்றும் யூடியூபில் கேட்கிறது. பிறகு கௌஹரின் முகம் படஅட்டையில் வந்தது. ஆஸ்திரியாவில் அச்சான தீப்பெட்டியில் வந்தது. 1910-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் அவர் கச்சேரி நடந்தது. 1930-ல் மைசூரில் இறந்தார்.

இசைத்தட்டுக்கு வாய் உண்டு. கேபினட் கார்டுக்கு அது இல்லை.

சினிமாவாவது அந்த அசைவைப் பிடித்ததா? பிடித்தது. 1898-ல் ஹீராலால் சென் இதே ஸ்டார் மேடையிலிருந்து ஒரு நாடகத்தின் நடனக் காட்சிகளைப் படம் எடுத்தார். அடுத்து கிளாசிக் தியேட்டரின் 'அலிபாபா'வையும் எடுத்தார். அதில் மர்ஜினாவாக ஆடியவர் குஸும்குமாரி. சலங்கை கலங்காமல் விழுந்திருக்கும்! ஆனால் 1917-ல் அவருடைய படச்சுருள்கள் எல்லாம் தீயில் போயின. சில நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

வெளிநாட்டில் இதெல்லாம் எப்படி நடந்தது என்று இரவு செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்று ஒரு படக்காரர். நாடகக்காரர்களைப் படம் பிடிக்கும் உரிமைக்குக் காசு கொடுப்பார். சாரா பெர்னார்டுக்கு 1,500 டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவர் எடுத்த ஆஸ்கர் வைல்டு படத்தை வேறொரு கம்பெனி திருடி அச்சடிக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1884-ல் தீர்ப்பு: புகைப்படமும் ஒரு படைப்பே, எடுத்தவரே அதன் ஆசிரியர். பொன்னெழுத்து யாருக்கு என்பது அன்றைக்குச் சட்டமாகவும் ஆனது.

அதே நியூயார்க்கில் ரூத் செயின்ட் டெனிஸ். ஒரு சிகரெட் விளம்பரப் படத்தில் எகிப்தியத் தேவதையைப் பார்த்துக் கிழக்கத்திய நடனம் ஆடுவது என்று முடிவு செய்தவர். 1906-ல் 'ராதா' என்று ஆடினார். வாட்வில் மேடைகளில் நகை, முக்காடு, முத்திரை. இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. இருபது வருஷம் கழித்து, 1926-ல், தன் குழுவோடு கல்கத்தாவுக்கே வந்தார். நிஜ நாட்டியக்காரியைப் பார்க்க வேண்டும் என்று தேடிப் பச்வா ஜான் என்பவரின் ஆட்டத்தைப் பார்த்தார். ரூத்தின் படங்கள் நூற்றுக்கணக்கில் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. எந்த நடனம், எந்த வருஷம் என்று குறிப்போடு. இந்தியப் பெண் போல வேஷம் போட்டவருக்கு இத்தனை விவரம். இங்கே வேஷம் போடாத இந்தியப் பெண்களின் படஅட்டைகளில் 'நாட்ச் கேர்ள்' என்று ஒரே பெயர், ஆயிரம் பேருக்கும் சேர்த்து. மெட்ராஸிலும் தஞ்சாவூரிலும் எடுத்தவற்றிலும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் எங்கும் போகவில்லை. சாயங்காலம் பெரியம்மாவோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். லேக் டெம்பிள் ரோட்டைக் கடக்கும்போது, "இங்கேதான் சத்யஜித் ராய் குடியிருந்தார். 'சாருலதா' வந்த சமயம். உன் பெரியப்பா ஒருநாள் தூரத்திலேர்ந்து கும்பிடு போட்டார். அவர் கவனிச்சாரோ இல்லையோ" என்றார்.

சட்டென்று ஒன்று தோன்றியது. 1934-ல் பாலசரஸ்வதி கல்கத்தாவுக்கு வந்து ஆடினார். தென்னிந்தியாவுக்கு வெளியே அவருக்கு அதுதான் தொடக்கம். சிறுவனாக இருந்தபோது அவர் ஆட்டத்தை இந்த ஊரில் பார்த்த ராய், 1976-ல் சென்னைக்கு வந்து அவரைப் பற்றிப் படம் எடுத்தார். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கடற்கரையில் காற்று புடவையைப் பிடித்து இழுக்க, பாலா அபிநயம் பிடிக்கிறார். கவ்வி இல்லை, கம்பம் இல்லை, தூண் இல்லை. படத்தின் தலைப்பே 'பாலா'. ஒரு தமிழ் நடனக்காரியின் பெயரை மட்டும் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல்.

போகியன்று விடியற்காலை பெரியம்மா காபியோடு வந்து உட்கார்ந்தார். "கண்டுபிடிச்சியா?"

"இல்லை."

அவர் ஒன்றும் சொல்லாமல் கார்டை வாங்கி வலது பக்கம் வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, குடும்ப ஆல்பத்தைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாக உருவிப் பின்பக்கம் பார்க்க ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு படம். ஒன்றிலும் எழுத்தில்லை. எல்லாவற்றிலும் ஸ்டுடியோ முத்திரை மட்டும் இருந்தது. கும்பகோணம், பாலக்காடு, ராஷ்பிஹாரி அவென்யூ. ஒன்பது கெஜத்தில் ஒரு பெண்மணி, பக்கத்தில் காகிதக்கூழ் தூண். அதே தூண்!

"இது என் மாமியாரோட அத்தை. பேரு... பேரு..." பெரியம்மா வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பெயர் வரவில்லை.

மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது பெயர் எழுதினோம். மூன்று பேர் போனது போனதுதான். டிராமாக்காரியின் அட்டைக்குப் பின்னால் பெரியம்மா தானே எழுதினார்: 'பெயர் தெரியாது. கல்கத்தா மேடையில் ஆடியவள். இடது காலை அசைத்துவிட்டாள்.'

போகிக்குப் பரண் ஒழிக்கும்போது உங்கள் கைக்கும் ஆல்பம் ஒன்று வரும். தீயில் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, யாரும் போடுவதில்லை. திருப்பிப் பாருங்கள், அது போதும். வீட்டில் எண்பதைத் தாண்டியவர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக்கேட்டு எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். மெத்தென்ற 2பி பென்சில். படத்தைக் கவிழ்த்துக் கண்ணாடி மேல் வைத்து, அழுத்தாமல், ஓரமாக எழுத வேண்டும். கடையில் பத்து ரூபாய்.